மஞ்சளான நெல்லுக்கு மருந்தடித்துப் பயனில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நெல் வயல் மஞ்சளானால் முதலில் யூரியா, அதில் பச்சை திரும்பாவிட்டால் ஜிங்க் சல்பேட், அதற்கும் அசையாவிட்டால் ஏதாவது ஒரு பூச்சிமருந்து என்று வரிசையாகச் செலவு வைக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் ஊறிப்போய்விட்டது. அந்த மஞ்சள், துங்ரோ என்ற வைரஸ் நோயால் வந்ததாக இருந்தால் இந்த மூன்றில் எதுவும் அந்தப் பயிரைக் காப்பாற்றாது. இதை உரக்கடையில் யாரும் சொல்வதில்லை. பத்திரிகைகளின் விவசாயப் பக்கங்களிலும் நோய் வந்த பிறகு என்ன மருந்து, எத்தனை மில்லி என்ற அளவில்தான் செய்தி வருகிறது. நோய் எப்படி வருகிறது, எந்தக் கட்டத்தில் அதைத் தடுக்க முடியும் என்பதை நாற்று விடுவதற்கு முன்பே எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருவள்ளூர் மாவட்டத்தில் கிணற்றுப் பாசனத்தில் நெல் வைப்பவன். டெல்டாவில் இருப்பதுபோல மேட்டூர் திறந்தால் எல்லோரும் ஒன்றாக நடவு செய்வது என்ற முறை எங்களுக்குக் கிடையாது. கிணற்றில் தண்ணீர் இருப்பவர் இன்றைக்கு நடுவார், இல்லாதவர் ஏரி நிரம்பட்டும் என்று ஒரு மாதம் கழித்து நடுவார். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும், அதாவது மூன்று சாகுபடிப் பருவமும், ஓடுகிற ஊரில் ஒரு வயலில் அறுவடை நடக்கும்போது அடுத்த வயலில் நாற்று பச்சென்று நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். துங்ரோவுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறெதுவும் இல்லை.

நோயைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி. நான்கைந்து மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும், ஆப்பு மாதிரி உடம்பு, இளம்பச்சை நிறம், ஆண் பூச்சிக்கு ஒவ்வொரு முன்னிறக்கையின் நடுவிலும் ஒரு கறுப்புப் புள்ளியும் நுனியில் கறுப்பும் தெரியும். இலையைத் தொட்டால் நேராக ஓடாமல் பக்கவாட்டில் நகர்ந்து இலைக்கு அந்தப் புறம் ஒளிந்துகொள்ளும், இன்னும் கிளறினால் தத்திப் பறக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தெருவிளக்கடியில் மொய்க்கும் பச்சைப் பூச்சிகளில் இதுவும் ஒன்று, வயல் பக்கம் போகாதவர்கள்கூட இதைப் பார்த்திருப்பார்கள். சாறு உறிஞ்சுவதால் மட்டும் இது செய்யும் சேதம் பெரிதல்ல. அது வாயில் கொண்டுவரும் வைரஸ்தான் பயிரைக் கெடுக்கிறது.

டெங்குவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பு இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். துங்ரோவும் அந்த மாதிரிதான், ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. கொசுவின் உடம்புக்குள் டெங்கு வைரஸ் போய்ப் பெருகி, எச்சில் சுரப்பிக்கு வந்து சேரச் சில நாட்கள் ஆகும். தத்துப்பூச்சியில் துங்ரோ வைரஸ் அப்படி உள்ளே போய்ப் பெருகுவதில்லை, வாய்ப்பகுதியிலும் முன்குடல் சுவரிலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். அதனால் காத்திருப்பு எதுவும் கிடையாது. நோயுள்ள பயிரில் சில நிமிடங்களிலிருந்து அரை மணி நேரம் வரை சாறு உறிஞ்சினாலே போதும், பறந்து அடுத்த குத்தில் (ஒரே இடத்தில் சேர்த்து நட்ட நாற்றுகளில்) உட்கார்ந்து மறுபடி உறிஞ்சும்போது சில நிமிடங்களில் நோயை அங்கே இறக்கிவிடும். மருந்து பட்டு பூச்சி சாவதற்குள் அது இரண்டு மூன்று குத்துகளைத் தொட்டுவிட்டுப் போயிருக்கும். மஞ்சள் தெரிந்த பிறகு அடிக்கும் மருந்து ஏன் பலிக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அதோடு, வைரஸ் ஏறிய பயிர் உடனே மஞ்சளாவதில்லை, ஒன்றிரண்டு வாரம் சாதாரணமாக நின்றுவிட்டுத்தான் நிறம் மாறும். இன்று நாம் பார்க்கிற மஞ்சள், பத்துப் பதினைந்து நாட்களுக்கு முன்பே நடந்து முடிந்த காரியம்.

இந்த நோயில் ஒன்றல்ல, இரண்டு வைரஸ்கள் இருக்கின்றன. ஒன்று குச்சி வடிவம், இன்னொன்று உருண்டை வடிவம். பயிரை மஞ்சளாக்கிக் குட்டையாக்குவது பெரும்பாலும் குச்சி வைரஸ்தான், ஆனால் அதற்குத் தனியாகப் பூச்சியின் மேல் ஏறிப் போகும் திறன் கிடையாது. உருண்டை வைரஸ் கூட இருந்தால்தான் பூச்சி அதைக் கொண்டுபோக முடியும். உருண்டை வைரஸோ தனியாகவே பரவும், தனியாக இருக்கும்போது பயிரில் பெரிதாக எதையும் காட்டாது. அதாவது பார்வைக்கு நன்றாக இருக்கிற ஒரு வயலில்கூட உருண்டை வைரஸ் சத்தமில்லாமல் இருந்துகொண்டிருக்கலாம், பிறகு எங்கிருந்தோ குச்சி வைரஸ் வந்து சேரும்போது இரண்டும் கூட்டாகப் பரவ ஆரம்பிக்கும். இது புரிந்தால், "என் வயல் நல்லாத்தானே இருக்கு" என்று ஒருவர் ஒதுங்கி நிற்க முடியாது என்பதும் புரியும்.

இன்னொரு பக்கம், இந்த வைரஸுக்கு ஒரு பெரிய பலவீனமும் இருக்கிறது. பூச்சியின் வாயில் அது நிரந்தரமாகத் தங்குவதில்லை. நோயுள்ள பயிரை விட்டு விலகினால் ஒரு வாரத்துக்குள் பூச்சி பெரும்பாலும் சுத்தமாகிவிடும். குஞ்சுப் பருவத்தில் தோல் உரிக்கும்போது, குடல் சுவரின் உறையும் சேர்ந்து கழன்றுவிடுவதால், வைரஸும் அதோடு போய்விடும். முட்டை வழியாக அடுத்த தலைமுறைப் பூச்சிக்கும் போகாது. விதை நெல் வழியாக வராது, மண் வழியாக வராது, தண்ணீர் வழியாகவும் வராது. ஆகவே இந்த நோய் ஒரு பட்டத்திலிருந்து அடுத்த பட்டத்துக்குத் தாண்ட வேண்டுமென்றால் நடுவில் உயிரோடு இருக்கும் நோயுள்ள நெல் வேண்டும். சில புற்களிலும் அது தங்கும் என்றாலும் நெல்தான் முக்கியம்.

அந்த நெல்லை நாமே விட்டுவைக்கிறோம். அறுவடை முடிந்ததும் தாள் அப்படியே நிற்கும், ஒரு மழை பெய்தால் அதிலிருந்து பச்சையாகத் துளிர்த்து வரும். ஆடு மாடு மேயட்டும் என்று விட்டுவிடுவோம். இயந்திர அறுவடையில் சிந்திய நெல் தானாக முளைத்து நிற்கும், அதையும் யாரும் கண்டுகொள்வதில்லை. நோய் கண்ட வயலின் மறுதாம்பில், அதாவது அறுத்த தாளில் வந்த துளிரில், வைரஸ் பத்திரமாக இருக்கும், இருபதடி தள்ளி அடுத்தவரின் நாற்றங்கால் இருக்கும், நடுவில் பறக்கப் பூச்சியும் இருக்கும். அறுவடை முடிந்த உடனே உழுது தாளை மடக்கிவிட்டால் இந்தச் சங்கிலி அந்த இடத்தில் அறுந்துவிடும். உழவுக்கூலி இப்போது விற்கிற விலையில், அடுத்த பட்டம் எப்போது என்றே தெரியாதபோது எதற்கு ஓட்ட வேண்டும் என்று விவசாயி நினைப்பதில் தவறில்லை. அதனால்தான் இதை ஒரு ஆளின் பொறுப்பாக விடாமல் ஊர்ப் பொறுப்பாக, அரசு உதவியோடு செய்ய வேண்டும் என்கிறேன்.

எந்த வயதில் நோய் ஏறுகிறது என்பதும் முக்கியம். நாற்றங்காலிலோ நட்ட ஒரு மாதத்துக்குள்ளோ ஏறினால் பயிர் குட்டையாகி, தூர் குறைந்து, பூப்பது தள்ளிப்போய், வருகிற கதிரும் பாதி பதராகத்தான் இருக்கும். சில வயல்களில் அறுக்கிற கூலிக்கே தேறாது. கதிர் வரும் சமயத்தில் ஏறினால் அவ்வளவு இழப்பு இல்லை. ஆக காவல் காக்க வேண்டிய இடம் நாற்றங்காலும் நடவு முடிந்த முதல் முப்பது நாட்களும்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 20 சென்ட் நாற்றங்காலுக்கு 12.5 கிலோ வேப்பம் புண்ணாக்கை அடியுரமாகப் போடச் சொல்கிறது. வேப்பம் பொருட்கள் பட்ட நாற்றில் தத்துப்பூச்சி நிம்மதியாக உட்கார்ந்து உறிஞ்சாது. பன்னிரண்டரை கிலோ புண்ணாக்குக்கு ஆகும் செலவையும், பின்னால் மூன்று முறை மருந்து அடிக்க ஆகும் செலவையும் யாராவது பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் நல்லது.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துங்ரோ வழக்கமாக வரும் பகுதியில் ஒரு குத்துக்கு இரண்டு தத்துப்பூச்சி தெரிந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும், மற்ற இடங்களில் வளர்ச்சிப் பருவத்தில் குத்துக்கு ஐந்து வரை பொறுக்கலாம் என்பது பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு. எண்ணிப் பார்த்து, இளம் பயிரில், வரப்புப் புல்லையும் சேர்த்து அடித்தால் அதற்கு அர்த்தம் உண்டு. மஞ்சள் பரவிய பிறகு, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை, அதுவும் இரண்டு மருந்தை ஒன்றாகக் கலந்து அடிப்பதில் அர்த்தமில்லை. அதிலும் சிந்தெடிக் பைரித்ராய்டு வகை மருந்துகளை நெல்லில் அடித்தால் சிலந்திகளும் பூச்சி தின்னும் நாவாய்ப்பூச்சிகளும் செத்து, புகையான் என்ற பழுப்புத் தத்துப்பூச்சி முன்பைவிட அதிகமாகப் பெருகும். இதைப் பல்கலைக்கழகமே எச்சரிக்கிறது. இருந்தும் எங்கள் பகுதியில் ஒரு கடையில், மஞ்சள் இலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பக்கத்து வயல்காரருக்கு அந்த வகை மருந்தைத்தான் கொடுத்து அனுப்பினார்கள். இலையை வாங்கித் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு அந்தச் சம்பாவில் பணம் போனது மட்டுமல்ல, பின்னாலேயே புகையானும் வந்தது.

சரி, மஞ்சள் எதனால் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவு என்றால் வயல் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி வெளிறும், முதலில் அடியிலைகள் வெளிறும், உயரத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு தெரியாது. யூரியா போட்டால் ஒரு வாரத்தில் நிறம் திரும்பும். துங்ரோ திட்டுத் திட்டாக வரும். பச்சைப் பயிருக்கு நடுவே சில குத்துகள் மட்டும் குட்டையாக, நுனியிலிருந்து மஞ்சளோ ஆரஞ்சோ இறங்கி, இலையில் துருப் புள்ளிகளோடு நிற்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. காலை ஆறு மணிக்கு முன், வெயில் படுவதற்கு முன்னால், இலையின் நுனிப் பகுதியை வெட்டி எடுத்து அயோடின் கரைசலில் போட வேண்டும். 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் அயோடினும் 6 கிராம் பொட்டாசியம் அயோடைடும் கலந்த கரைசல் இது. நல்ல இலை பகலில் தயாரித்த மாவுச்சத்தை இரவில் மற்ற பாகங்களுக்கு அனுப்பிவிடும், அதனால் விடியலில் அதில் நீலம் அதிகம் ஏறாது. துங்ரோ பிடித்த இலையில் மாவுச்சத்து வெளியேறாமல் தேங்கி நிற்பதால் கருநீலக் கோடுகள் தெரியும். இந்தக் கரைசலை எந்தப் பள்ளி ஆய்வகத்திலும் தயாரிக்கலாம். ஒரு வேளாண் விரிவாக்க மையத்தில் ஒரு பாட்டில் இருந்தால் சுற்றியுள்ள ஊர்கள் வீணாகப் போடும் யூரியா எவ்வளவோ மிச்சமாகும். தழைச்சத்து அதிகமான பயிரைத்தான் தத்துப்பூச்சியும் அதிகம் நாடும் என்பதால், தவறாகப் போட்ட யூரியா வெறும் வீண்செலவோடு நிற்பதும் இல்லை.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. பூச்சி நெல்லுக்கு நோய் கொண்டுவரும் என்பதை ஜப்பானில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, நெல் குட்டை நோயை வைத்துக் கவனித்துவிட்டார்கள். அந்த நோயில் வைரஸ் முட்டை வழியாகவும் குஞ்சுகளுக்குப் போகும் என்பதை 1930களில் ஃபுகுஷி என்ற ஜப்பானிய ஆய்வாளர் காட்டினார். துங்ரோ ஒரு வைரஸ் நோய், அதைத் தத்துப்பூச்சிதான் பரப்புகிறது என்பது பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1960களில் உறுதியானது. 2022இல் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நட்ட நெல் வளராமல் குட்டையாக நின்றபோது விவசாயிகள் முதலில் விதையைத்தான் சந்தேகப்பட்டார்கள். லூதியானா வேளாண் பல்கலைக்கழகம் சோதித்து, அது வெண்முதுகுத் தத்துப்பூச்சி பரப்பும் வைரஸ் என்று சொன்னது. தென்சீனாவில் 2001இல் முதன்முதலாகப் பார்த்த நோய் அது. பஞ்சாபில் சீக்கிரம் நட்ட வயல்களில்தான் பாதிப்பு அதிகம் இருந்தது. எப்போது நடுகிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதுவே போதும்.

நடவுக் காலத்தை இப்படித் திட்டமிட்டுச் செய்து காட்டிய இடங்களும் உண்டு. இந்தோனேஷியாவின் தெற்கு சுலவேசியில் 1970களில் துங்ரோ பெரிய அளவில் அழிவு செய்தது. பூச்சி எந்த மாதங்களில் குறைவாக இருக்கிறது என்று பார்த்து, அந்தக் காலத்தில் ஒரு பகுதி முழுக்க ஒன்றாக நடவு செய்யவும், ரகங்களைப் பட்டத்துக்குப் பட்டம் மாற்றவும் ஏற்பாடு செய்தார்கள், நோய் வெகுவாகக் குறைந்தது. வியட்நாமின் மீகாங் டெல்டாவில் 2006 வாக்கில் புகையான் பரப்பும் இரண்டு வைரஸ் நோய்கள் சேர்ந்து தாக்கியபோது ஊர் ஊராக விளக்குப்பொறி வைத்து, பூச்சி கூட்டமாக வந்து இறங்கி முடிந்த பிறகு, எல்லோரும் ஒரே சமயத்தில் விதைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். புகையான் விஷயத்தில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அந்த வைரஸ்கள் புகையானின் உடம்புக்குள் போய்ப் பெருகி, ஒருமுறை ஏறினால் பூச்சி சாகும்வரை அதிலேயே இருக்கும்.

ரகத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐ.ஆர்.8 நெல் 1966இல் வந்தபோது விளைச்சலில் அசத்தியது, துங்ரோவைத் தாங்கவில்லை. 1969இல் வந்த ஐ.ஆர்.20 அதைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தது. அந்த ஐ.ஆர்.20இன் பெற்றோரில் ஒன்று டி.கே.எம்.6, எங்கள் மாவட்டத்துத் திரூர்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு வந்த பல ரகங்களில் இருந்த எதிர்ப்பு வைரஸுக்கு எதிரானதல்ல, பூச்சிக்கு எதிரானது. பூச்சிக்குப் பிடிக்காத பயிரைத் தொடர்ந்து அதே ஊரில் வைத்துக்கொண்டே இருந்தால் சில ஆண்டுகளில் பூச்சி அதையும் சாப்பிடப் பழகிவிடுகிறது, பிறகு நோயும் வந்துவிடுகிறது. வைரஸையே தடுக்கும் தன்மை இந்தோனேஷியாவின் உத்ரி மேரா என்ற பாரம்பரிய நெல்லில் இருக்கிறது, அதற்குக் காரணமான ஒரு மரபணுவையும் கண்டுபிடித்துவிட்டார்கள். நம் வெள்ளைப் பொன்னி மாதிரி சந்தையில் விலை போகிற சன்ன ரகங்களில் அந்தத் தன்மையைச் சேர்த்துக் கொடுக்கும் வேலைக்கு நம் ஆராய்ச்சி நிலையங்கள் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும். அதுவரை, இருக்கிற ரகங்களில் எது எங்கள் பகுதியில் துங்ரோவைத் தாங்குகிறது என்பதை ஒவ்வொரு பட்டத்துக்கும் முன்னால் அறிவிக்கவாவது வேண்டும். இன்று விவசாயி விதை வாங்கும்போது பார்ப்பது எத்தனை நாள் பயிர் என்பதும் விலையும்தான், நோய் எதிர்ப்பு என்ன என்று பையில் தேடினாலும் கிடைக்காது.

வேளாண்மைத் துறையிடம் நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. வடமாவட்டங்களில் ஏரிப் பாசனத்துக்கும் கிணற்றுப் பாசனத்துக்கும் சேர்த்து, ஒரு ஏரியின் ஆயக்கட்டு (அந்த ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) முழுக்க இரண்டு மூன்று வாரங்களுக்குள் நடவு முடிகிற மாதிரி ஊர்க்கூட்டம் போட்டுப் பேச வேண்டும். அதற்கு விதையும் டிராக்டரும் அந்தச் சமயத்தில் கிடைக்க வேண்டும், விதை பத்து நாள் தாமதமாக வந்தால் எந்தக் கூட்டமும் பயன்படாது. நோய் கண்ட வயலை அறுவடை முடிந்ததும் உடனே உழுபவருக்கு உழவுக்கூலியில் ஒரு பங்கு மானியம் தரலாம். ஊருக்கு ஒரு விளக்குப்பொறி வைத்து, அதில் விழும் பச்சைத் தத்துப்பூச்சியின் எண்ணிக்கையை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போடலாம், படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை போதும் அதைச் செய்ய. மருந்துக் கடைகளுக்கு ஆய்வுக்கு வரும் அதிகாரிகள், காலாவதித் தேதியைப் பார்ப்பதோடு, வைரஸ் நோய்க்கு என்று என்ன மருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது அதைவிடச் சுலபம். சம்பா நாற்று விடும் ஆடி மாதத்திலும், நவரைக்கு நாற்று விடும் கார்த்திகை, மார்கழியிலும் விவசாயப் பக்கத்தில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். பச்சைத் தத்துப்பூச்சியின் படத்தைப் பெரிதாக, நிறத்தோடு போடுங்கள், பக்கத்தில் துங்ரோ இலையையும் தழைச்சத்துக் குறைந்த இலையையும் சேர்த்துப் போடுங்கள். அயோடின் சோதனையை அளவுகளோடு அச்சிடுங்கள். இதில் நான் எழுதியதில் ஏதாவது திருத்த வேண்டியிருந்தால் திரூர்குப்பம் நிலையத்திலோ கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ பயிர் நோயியல் துறையினரிடம் கேட்டுத் திருத்தி வெளியிடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி எங்கள் ஊர்ப் பால் சொசைட்டி சுவரில் ஒட்டுவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
நெல் விவசாயி ஒருவர்,
திருவள்ளூர் மாவட்டம்.